இராசேந்திரனும் பராக்கிரமபாகுவும்: மாதோட்டத் துறையில் ஒரு கற்பனைப் போட்டி

வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த இரு பெருவீரர்கள் தத்தம் ஆற்றலின் உச்சத்தில் ஒரே மேடையில் எதிர்ப்பட்டிருந்தால் வெற்றி யாருக்குக் கிட்டியிருக்கும் என்ற வினா, குத்துச்சண்டை உலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதாகும். அதற்கு விடை காணும் முயற்சியொன்று 1970ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் திரைப்படமாகவே காட்டப்பட்டது. 49 போட்டிகளிலும் தோல்வி காணாது 1956இல் ஓய்வு பெற்ற ரொக்கி மார்சியானோவும், 1964இல் அதிகூடிய எடைப்பிரிவின் உலக வீரரான முகம்மது அலியும் படப்பிடிப்புக் கருவியின் முன்னே பொய்ச்சமர் புரிந்தனர். முடிவைக் கணனி கணித்ததாகக் கூறப்பட்டது. படம் வெளிவருமுன்னரே, 1969இல், மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்க மக்கள் கண்ட படத்தில் பதின்மூன்றாஞ் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவிற்கென அமைந்த படத்திலோ அலி வென்றார். போட்டி ஒன்று, முடிவு இரண்டு. பார்ப்போர் யாவர் என்பதே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

இத்தகைய போட்டிகள் வரலாற்றுத் துறைக்கும் புதியனவல்ல. ஈழத்து வரலாற்றில் இவ்வாறு எதிரெதிரே நிறுத்தப்படுவோருள் தலையாயவர்கள் முதலாம் இராசேந்திர சோழனும் முதலாம் பராக்கிரமபாகுவும் ஆவர். முன்னவன் 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து ஈழம் முழுவதற்கும் உரிமை கோரியவன். பின்னவன் 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்டு, பாண்டி நாட்டின்மீது படை செலுத்தியவன். இருவருக்குமிடையே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உண்டு. அவர்கள் ஒருபோதும் சந்தித்ததில்லை. எனினும் இருவருடைய வரலாறும் ஒரு களத்தைத் தொட்டுச் செல்கின்றது. அதுவே திருக்கேதீச்சரம் அமைந்துள்ள மாதோட்டத் துறையாகும்.

களத்தின் தன்மை

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், பாலாவிக் கரையிலுள்ள திருக்கேதீச்சரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். பாளி நூல்கள் மகாதித்த எனக் குறிப்பிடும் இத்துறை அநுராதபுர இராச்சியத்தின் தலைவாயிலாக விளங்கிற்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே கொண்டது. எனவே இக்களத்திலே கடலைக் கடத்தல் எவர்க்கும் பெருஞ்சாதனையன்று. கடந்தபின் நிலைத்து நிற்றலே வலிமையின் உரைகல் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சோழர் வலிமை

993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படைகள் ஈழத்துள் புகுந்தன. ஆயின் அவை எதிர்கொண்ட பகை எத்தகையது? 982இல் அரசேறிய மகிந்தன், படையினருக்குரிய ஊதியத்தைக் கொடுக்க இயலாது அவர்களின் கிளர்ச்சிக்கு அஞ்சி உரோகணத்திற்கு ஓடினான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. இந்நிலையைக் குதிரை வாணிகன் ஒருவன் வாயிலாகவே சோழன் அறிந்தான் என்றும் அந்நூல் குறிக்கின்றது. எனவே சோழர் வென்றது முழுவலிமையுடன் நின்ற ஓர் அரசையன்று. உள்ளிருந்தே தளர்ந்துவிட்ட அரசையே ஆகும்.

இதனால் சோழர் பெருமை குறைந்துவிடாது. பொலனறுவையைச் சனநாதமங்கலமென்றும், மாதோட்டத்தை இராசராசபுரமென்றும் பெயரிட்டு, ஈழத்தை மும்முடிச்சோழ மண்டலமாக்கி அவர்கள் ஆட்சியை ஒழுங்குபடுத்தினர். தாழிகுமரன் என்னும் சோழ நாட்டவன் மாதோட்டத்தில் இராசராசேச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து, வைகாசி விசாகத் திருவிழாவிற்கு நிவந்தம் அளித்தமையை அங்கு கிடைத்த கல்வெட்டு உரைக்கின்றது. 1025இல் கடாரம்வரை சென்ற இராசேந்திரனின் கடற்படைக்கு ஈடான ஒன்றை அக்காலத் தென்னாசியாவில் காண்டல் அரிது. ஆயினும் உரோகணத்தின் எதிர்ப்பைச் சோழரால் முற்றாக அடக்க முடியவில்லை. அங்கிருந்து எழுந்த முதலாம் விசயபாகு 1070இல் அவர்களை அகற்றினான். எழுபத்தேழு ஆண்டு நீடித்த ஆட்சியும் இறுதியிற் கரையைவிட்டு நீங்க நேர்ந்தது.

பராக்கிரமபாகுவின் வலிமை

பராக்கிரமபாகு பிளவுண்டு கிடந்த நாட்டைப் போரினால் ஒன்றாக்கி, பெருங்குளங்களைக் கட்டியும் திருத்தியும் வேளாண்மையைப் பெருக்கினான். அவனது படையெடுப்புகளுக்கு அவ்விளைவே முதலாயிற்று. பர்மா நாட்டின்மீது அவன் அனுப்பிய கப்பல்கள் புயலிற் சிதறுண்டன எனவும், அவற்றுள் ஐந்து குசுமித் துறையை அடைந்தன எனவும் சூளவம்சம் கூறும். 1169 அளவிற் பாண்டிய அரசுரிமைப் போரிலே தலையிட்டு, இலங்காபுரன் என்னும் தளபதியின் கீழ்ப் படையை அனுப்பினான். அப்படை இராமேச்சரத்தைக் கைப்பற்றி, மதுரைவரை முன்னேறிற்று.

ஆயின் இங்கும் எதிரியின் நிலை நோக்கற்பாலது. பாண்டி நாடு இரு கிளையினரின் பூசலாற் பிளந்து கிடந்தது. சோழப் பேரரசும் இராசேந்திரன் காலத்துப் பேரரசாக அப்போது இருக்கவில்லை. அத்தகைய சூழலிலும் இலங்காபுரனின் வெற்றி சில ஆண்டுகளே நிலைத்தது.

முடிவு இரண்டு

இப்போரின் முடிவைக் கூறுமிடத்துச் சான்றுகள் பிரிகின்றன. சூளவம்சம் வெற்றியோடு கதையை நிறுத்தி, அதன் நினைவாகப் பண்டுவிசயம் என்னும் ஊர் அமைக்கப்பட்டதெனக் கூறுகின்றது. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்காபுரன் முதலிய தளபதிகளின் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டன என்கின்றது. காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னொரு செய்தியைத் தருகின்றது. ஈழப்படையின் வரவால் அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன் உமாபதிதேவர் என்னும் சிவாசாரியாரை அணுகினான். அவர் 28 நாள் வழிபாடாற்றியபின் வெற்றிச் செய்தி வந்தது. அதற்காக அவ்வூர் தானமாக்கப்பட்டது. பகைவனைச் சிறுமைப்படுத்தும் நோக்கில் எழுந்த கல்வெட்டுகளே, பகைவன்பால் சோழ நாடு கொண்ட அச்சத்தையும் அறியாமற் பதிவு செய்துள்ளன.

திருவாலங்காட்டுக் கல்வெட்டு மாதோட்டத்தையே களத்திற் கொணர்கின்றது. பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம், வலிகாமம் முதலிய இடங்களிற் கப்பல் கட்டிப் படை திரட்டினான் என்றும், சோழர் சீவல்லபன் என்பானுக்குத் துணைநின்று அவ்விடங்களை அழித்தனர் என்றும் அது கூறும். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சோழரோடு நின்ற சீவல்லபன், பராக்கிரமபாகுவின் மருமகனாய் அவனது அரியணைக்கு உரிமை கோரியவன். பராக்கிரமபாகுவின் பர்மியப் படைத்தலைவருள் ஒருவனான ஆதிச்சன், தமிளாதிகாரி என்ற பதவிப் பெயரைத் தாங்கியவன். பொலனறுவையில் புத்தரின் தந்தத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரப் படையினர் அச்செய்தியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்க் கல்வெட்டாகவே பொறித்தனர். சிங்களவர் ஒரு மூலையிலும் தமிழர் மறு மூலையிலும் நின்று பொருதனர் என்னும் சித்திரம் அக்கால ஆவணங்களால் வலுப்பெறவில்லை.

மதிப்பீடு

அங்ஙனமாயின் வெற்றி யாருக்கு? வினாவைப் பகுத்து நோக்கின் விடை ஓரளவு தெளிவாகும். கடற்படையின் வீச்சே அளவுகோலாயின் இராசேந்திரன் மேம்படுவான். கடந்த கரையில் நிலைத்த காலமே அளவுகோலாயினும் சோழருக்கே முதன்மை. சிறிய நிலப்பரப்பின் வளத்தைத் திரட்டிப் பெரிய அரசுகளின் போரிலே தலையிட்ட திறமே அளவுகோலாயின் பராக்கிரமபாகு எவர்க்கும் பின்னிற்பவனல்லன். ஆனால் இருவரும் பிளவுற்ற பகைவரையே வென்றனர் என்பதும், இருவர் பெற்ற வெற்றியும் எதிர்க்கரையில் நிலைபெறவில்லை என்பதும் இருவர்க்கும் பொதுவானவை. இவ்வொற்றுமையே மேற்கூறிய வேற்றுமைகளினும் பெரிது. பாக்கு நீரிணையின் இருபுறத்து அரசியலும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தமையால், ஒரு கரையின் உட்பூசல் மறு கரையின் படையை அழைத்தது. நிலைபெற்ற எதிர்ப்பு எழுந்தபோது அப்படை திரும்பிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இம்மன்னர்கள் வரலாற்றினின்று பெயர்க்கப்பட்டு, அரசியல் மேடைகளில் ஈரினத்தின் வீரர்களாக நிறுத்தப்பட்டனர். ஒவ்வொரு மேடையும் தன் அவையோர் விரும்பிய முடிவையே அறிவித்தது. அதன் இழப்பை மாதோட்டத்து மண்ணே உணர்த்துகின்றது. யோன் கார்ஸ்வெல் முதலியோர் 1980இல் தொடங்கிய அகழ்வாய்வு, சீன நாட்டு மட்பாண்டங்களையும் மேற்காசிய மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்து, நகரின் செழிப்பு பதினோராம் நூற்றாண்டோடு தளர்ந்ததைக் காட்டிற்று. 1984இன் பின் போர்ச் சூழலால் அப்பணி தடைப்பட்டது. முழுமையான அறிக்கை 2013இலேதான் வெளிவந்தது. பழம்போரின் வெற்றியாளரைப் பற்றி வாதிட்ட காலத்தில், அப்போரின் களத்தைப் பற்றி அறியும் வாய்ப்பே ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்டது.

கற்பனைப் போட்டிகள் பயனற்றவை என்பது இதன் கருத்தன்று. இருவரை ஒரே அளவுகோலின்முன் நிறுத்த முயலும்போதுதான் ஒவ்வொருவரும் எதிர்த்து நின்ற பகை, பெற்றிருந்த வளம், கடந்த கடல் என்பன புலப்படுகின்றன. வரலாறு பயில்வோன் வென்றவர் பெயரை அறிவிக்க விரையுமுன், அளவுகோலைத் தேர்ந்தவர் யார், அவையில் அமர்ந்திருப்போர் யாவர் என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் கடமை ஏனையோரினும் பல்கலைக்கழக மாணவருக்கே மிகுதியாக உரியது.