பரங்கிமலைப் பாறையும் எங்க வரப்புக் கல்லும்

எங்க மேலக்காட்டுல ஒரு சர்வே கல் காணாமப் போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னிலேருந்து எனக்கும் பங்காளி அண்ணனுக்கும் பேச்சு இல்லை. அரை முழ வரப்பு யாருக்குங்கிறதுதான் தகராறு. அளந்தவங்க ஒரு தடவை எங்க பக்கம் குச்சி நட்டாங்க, மறு தடவை அவர் பக்கம்.

போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். என் புலம்பலைக் கேட்ட மருமகன், "மாமா, இந்தியாவையே அளக்க ஆரம்பிச்ச இடம் பக்கத்துலதான் இருக்கு, வாங்க"ன்னு விடியற்காலையில பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போனான்.

சைதாப்பேட்டையில ஆத்தைத் தாண்டினோம். 1726-ல் அங்கே முதல்ல பாலம் கட்டினவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மலைக்குப் படி போட்டவரும் அவர்தான். நாங்க பாதியிலேயே படியை விட்டு, கொஞ்ச தூரம் பாறைச் சரிவுல ஏறினோம். செருப்பைக் கழற்றிட்டா பிடிமானம் நல்லா இருக்கு. வரப்புல நடந்த காலாச்சே! மருமகன்தான் ரெண்டு இடத்துல உட்கார்ந்து நகர்ந்தான்.

நீலம் கலந்த கறுப்புப் பாறை. இதுக்கு சார்னோக்கைட்னு பேர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே வகை. அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர் அவர் பேரையே கல்லுக்கு வெச்சுட்டார்.

உச்சி 300 அடிதான். ஆனா தெற்கே பார்வை தடையில்லாம ஓடுது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்த மலையடிவாரத்துலேருந்து பெரும்பாக்கம் பக்கம் சுமார் ஏழரை மைலுக்கு ஒரு நேர்கோடு அளக்க ஆரம்பிச்சார். 100 அடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 தடவை வெச்சு எடுக்கணும். முடிக்க 57 நாளாச்சு. வெயில்ல சங்கிலி நீளும்னு கூடார நிழல்ல, மரப்பெட்டிக்குள்ள கிடத்தி, வெப்பமானி வெச்சுப் பார்த்துப் பார்த்து அளந்தாங்க. சித்திரை வெயில்ல பெட்டி சுமந்தவங்க பேரை யாரும் பெருசா எழுதி வைக்கலை.

அந்த ஒரு கோடு சரியாத் தெரிஞ்சா போதும். அரை டன் எடையுள்ள தியோடலைட்டால் கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமா நாடு முழுக்கக் கணக்குப் போடலாம். எங்க பட்டாவுல இருக்கிற அளவு வேற, அது பின்னால வருவாய்த் துறை அளந்தது. லாம்டன் அளந்தது பூமியோட வடிவம் தெரிய, வரைபடம் போட.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. இவ்வளவு பார்த்து அளந்த மனுஷன் தன் அளவை அப்படியே நம்பலை. 1804-ல் பெங்களூர் பக்கம் இன்னொரு கோட்டை அளந்து, முதல் கணக்கு சரியான்னு அந்தக் கோடியிலேருந்து சோதிச்சார்.

இறங்கும்போது அதையே நினைச்சுட்டு வந்தேன். ரெண்டு வருஷமா நான் என் கல்லுலேருந்து மட்டும்தானே அளக்கச் சொல்றேன்?

ஊருக்கு வந்ததும் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். "அண்ணே, இந்தத் தடவை உங்க கோடிக் கல்லுலேருந்தும் அளக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம்"னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

"அறுப்பு முடியட்டும், அளப்போம்"னார்.

ரெண்டு வருஷத்துல அவர் எங்கிட்ட பேசின முதல் பேச்சு அது.