பனங்காடையைப் பார்த்தீங்களா? பொங்கல் லீவுல 15 நிமிஷம் ஒதுக்குங்க!

குற்றாலம்னாலே நமக்கு அருவியும் பரோட்டாவும்தான். குளிச்சு முடிச்சு, தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கம் போகும்போது கரன்ட் கம்பியையும் கொஞ்சம் பாருங்க. புறா அளவில், பழுப்பு நிறத்தில், பெரிய தலையோடு ஒரு பறவை உட்கார்ந்திருக்கலாம். வெட்டுக்கிளியைப் பிடிக்க அது கீழே பாயும்போது இறக்கையில் நீலம் பளிச்சிடும். அதுதான் பனங்காடை. (பிரியாணிக்குப் போகும் காடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை!)

கர்நாடகா, தெலங்கானா, ஒடிசா என மூன்று மாநிலங்களின் மாநிலப் பறவை இது. எங்கும் இருக்கும் பறவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை அதை மாற்றியது. 30 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைந்துபோன 14 இனங்களில் பனங்காடையும் ஒன்று. இவற்றை சர்வதேச சிவப்புப் பட்டியலில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுமார் 30,000 தன்னார்வலர்கள் 'இபேர்டு' தளத்தில் பதிந்த பட்டியல்களை வைத்துத்தான். பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க யாராலும் முடியாது. அதனால் நூறு பட்டியல் வந்தால் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். முன்பு அடிக்கடி வந்த பெயர் இப்போது அரிதாக வந்தால், அது குறைகிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் தப்பு பண்றாங்க. அபூர்வமான பறவையை மட்டும் பதிவார்கள், காக்காவை விட்டுவிடுவார்கள். குறைந்தது 15 நிமிடம் கவனித்து, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினால்தான் அது முழுப் பட்டியல். அப்படிப்பட்ட பட்டியலில் பனங்காடை இல்லை என்றால், அந்த 'இல்லை'யும் ஒரு தகவல்தான்.

பனங்காடைக்கு மரங்கொத்தி மாதிரி உறுதியான மரத்தைக் குடையத் தெரியாது. பட்டுப்போன பனையின் பொந்து, மரங்கொத்தி விட்டுப்போன ஓட்டை என்று தேடித்தான் முட்டையிடும். அதனால 'மொட்டைப் பனைதானே' என்று சூளைக்கு வெட்டிக் கொடுக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-லேயே தமிழக அரசு அறிவித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டி 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. கட்டணம் கிடையாது. கேமராவும் கட்டாயமில்லை. போனில் இபேர்டு செயலியும், வயல் ஓரமாக 15 நிமிட நடையும் போதும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிடுங்க!