இன்னொரு நகல் எங்கே இருக்கு?

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? நம்ம மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், முடிச்சூர்ல வீடுகளுக்குள்ள தண்ணி. நனைஞ்ச டிவியை மாத்திடலாம். ஒரு சின்ன கம்பெனியோட நாற்பது வருஷக் கணக்குப் புத்தகத்தை?

"பாதுகாக்க ஆளும் இல்ல, காசும் இல்ல"ன்னு சொல்வீங்க. தரமணிக்கு வாங்க. அங்க இருக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல விளம்பரப் பலகை எழுதினவர் ரோஜா முத்தையா செட்டியார். நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ்னு தனி ஆளா ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானதும், எல்லாம் சிதறிப்போகிற அபாயம். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனா புத்தகங்கள் கப்பல் ஏறல, சென்னைக்கு வந்தன. இங்கேயே பட்டியல் போட்டு, மைக்ரோஃபிலிம் எடுத்தாங்க. மூலம் இங்கே, நகல் வெளியூரிலும்.

சின்ன குழுவுக்கும் பாடம் இதுதான். முதல்ல பட்டியல், என்ன இருக்குன்னு தெரியாம எதைக் காப்பாத்துவீங்க? அடுத்து நகல். அந்த நகல் வேற இடத்துல.

உங்க ஆபீஸ்ல, கீழ் அடுக்கு ஃபைலோட இன்னொரு நகல் எங்கே இருக்கு? அடுத்த மழைக்கு முன்னாடி பாத்துடுங்க.