கீழாநெல்லி: விலங்குச் சோதனை

மஞ்சள் காமாலைக்கு வேரோடு அரைத்து மோரில் கலக்கித் தரும் கீழாநெல்லி 1980களில் ஆய்வகத்துக்குப் போனது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கின் குழு, அதன் சாற்றை வுட்சக் என்னும் வட அமெரிக்கக் கொறிவிலங்கின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தி, அவ்விலங்குக்குரிய ஹெபடைடிஸ் வைரஸ் குறைந்ததாக 1987இல் அறிவித்தது. சென்னை ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட முடிவும் நம்பிக்கை தந்தது: பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

இதனால் விலங்குச் சோதனை வீண் என்றாகாது. நஞ்சையும் அளவையும் முதலில் காட்டுவது அதுதான். ஆனால் ஊசியில் ஏறிய சாறும் குடலில் செரித்த சாறும் ஒன்றல்ல. தலைமுறை அனுபவமே போதும் என்பாரும் உண்டு. காமாலை பலருக்குத் தானாகவே தணிவதால், மருந்து உண்ணாதவரோடு ஒப்பிடாமல் அந்த அனுபவம் சான்றாகாது. கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.