பூட்ஸுக்காக அறுத்த எலும்பு

1521 மே 20. ஸ்பெயினின் வடக்கே பம்ப்லோனா கோட்டை. வெளியே பீரங்கிகளோடு பிரெஞ்சுப் படை. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சரணடைந்துவிடலாம் என்றார்கள். ஒருவர் மட்டும் கூடவே கூடாது என்று வாதாடி, கோட்டைத் தலைவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெயர் இனிகோ. லொயோலா என்ற பாஸ்க் பிரபுக் குடும்பத்தின் கடைக்குட்டி. வயது முப்பதை ஒட்டியிருக்கும். வாள், குதிரை, அரண்மனைப் பெண்களின் கடைக்கண் பார்வை: அவருடைய உலகம் அவ்வளவுதான்.

பீரங்கிக் குண்டு வலது காலின் எலும்பை நொறுக்கி, இடது காலையும் கிழித்தது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. அந்தப் படையெடுப்பை ஆதரித்து வாளெடுத்த நவார் நாட்டவர்களில் இரண்டு சகோதரர்கள் உண்டு. அவர்களுக்கு வீட்டில் பதினைந்து வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்குப் பிறகு வருவோம்.

பிரெஞ்சுக்காரர்கள் இனிகோவைக் கண்ணியமாகவே நடத்தினார்கள். முதலுதவி செய்து, பல்லக்கில் ஏற்றி லொயோலாவில் இருந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே வைத்தியர்கள் எலும்பு தப்பாகக் கூடியிருக்கிறது என்று மறுபடி உடைத்தார்கள். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம். அவர் முஷ்டியை இறுக்கிக்கொண்டதைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை. ஆனால் உடல் தாங்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிடச் சொன்னார்கள். இறுதி அருட்சாதனங்களும் கொடுத்தாயிற்று. இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்தின இரவு. நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். அந்த நள்ளிரவில்தான் தேறத் தொடங்கினார்.

மனமாற்றக் கதைகளின் வழக்கப்படி இந்த இடத்தில் ஒளி தோன்ற வேண்டும். தோன்றவில்லை. பிழைத்தெழுந்த இனிகோவின் முதல் கவலை வேறு. முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. காலை இறுக்கிப் பிடிக்கும் நாகரிக பூட்ஸை இனி எப்படிப் போடுவது? அறுத்தெடுங்கள் என்றார். இதுவரை பட்ட வலியெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை என்று எச்சரித்தார்கள். அண்ணனே நடுங்கிப்போனார். அறுத்தார்கள். குட்டையாகிப்போன காலை நீட்ட நாள்கணக்கில் கருவிகளில் மாட்டி இழுத்தார்கள். சாவின் வாசல்வரை போய்வந்தவர், திரும்பி வந்தது பூட்ஸுக்காக! வலி மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாற்றம் வந்தது சலிப்பின் வழியாக. படுக்கையில் பொழுது போகவில்லை. வீர சாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இரண்டே: சாக்சனியின் லுடால்ஃப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை, புனிதர்களின் வரலாறு. வேறு வழியின்றிப் புரட்டினார். நடுநடுவே பழைய கனவும் தொடர்ந்தது. எட்டாத உயரத்தில் இருந்த ஒரு சீமாட்டிக்கு என்னென்ன பராக்கிரமம் புரியலாம் என்று மணிக்கணக்கில் மனக்கோட்டை கட்டுவார். பிறகு, பிரான்சிஸ் அசிசியார் செய்ததை நான் செய்தால் என்ன, தோமினிக் செய்ததை நான் செய்தால் என்ன என்றும் யோசிப்பார். சீமாட்டிக்குப் பதில் கடவுள்; போட்டி புத்தி அப்படியே இருந்தது.

ஒருநாள் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு கனவும் காணும்போது இனித்தன. சீமாட்டிக் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது. வெறுங்காலோடு எருசலேமுக்குப் போகும் கனவு கலைந்த பிறகும் நிறைவு தங்கியது. ஏன்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தன் மனத்தையே உளவு பார்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்கு விதை அங்கேதான் விழுந்தது. புத்தகத்தில் பிடித்தவற்றைத் தாளில் எழுதிவைத்தார்: கிறிஸ்துவின் சொற்கள் சிவப்பு மையில், மரியாவின் சொற்கள் நீல மையில்.

இனி அந்தத் தம்பி. பாரிசில் படிக்கப்போன இடத்தில் இனிகோவுடன் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. எதிரணிக் குடும்பத்துப் பிள்ளை, முதலில் மசியவில்லை. 1534இல் மோன்மார்த்ரில் வார்த்தைப்பாடு கொடுத்த ஏழு பேரில் அவரும் ஒருவர். 1540இல் பாப்பரசர் அவர்களுடைய இயேசு சபையை அங்கீகரித்தார். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைப் பரதவர் நடுவே தூத்துக்குடியில் இருந்துகொண்டு அவர் உரோமைக்குக் கடிதம் எழுதினார். பெறுநர், இதற்குள் இஞ்ஞாசியார் என்று பெயர் பெற்றுவிட்ட அந்த நொண்டிக்கால் நண்பர். எழுதியவர் நம்மூர்ச் சவேரியார்.

ஆனால் 1522இன் தொடக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது இனிகோ இன்னும் பாதிப் போர்வீரர்தான். வழியில் ஓர் இஸ்லாமியப் பயணி மாதாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு முன்னே போய்விட்டார். பின்தொடர்ந்து குத்துவதா, விடுவதா? முடிவைத் தான் ஏறியிருந்த கோவேறு கழுதையிடமே விட்டு, கவைவழியில் கடிவாளத்தைத் தளர்த்தினார். கழுதைக்கு அவரைவிட நிதானம் அதிகம். அந்தப் பயணியின் ஊர்ப்பக்கம் திரும்பாமல் நேர்வழியில் நடந்தது.

மொன்செராத் மலைக்கோயிலில் வாளையும் குத்துவாளையும் மாதாவின் பீடத்தில் ஒப்படைத்தார். பட்டாடையை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி உடுத்திக்கொண்டார். வழியில் ஒரு ஜோடி கயிற்றுச் செருப்பு வாங்கியிருந்தார். அதில் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டார், இரவானால் இன்னும் வீங்கிக்கொண்டிருந்த அந்தக் காலுக்கு.