பாட்டன் பிறந்த இடம்

மகாவலி கங்கைக் கரையில், மலைகள் சூழ அமைந்த நாவலப்பிட்டி நகரைப் புகையிரதப் பாதை 1874 ஆம் ஆண்டில் வந்தடைந்தது. அடுத்த பத்தாண்டு காலம் அந்நகரே அப்பாதையின் முடிவிடமாக இருந்தது. 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் பாதை நீளும்வரை, திம்புளை, டிக்கோயாப் பகுதித் தோட்டங்களை நோக்கிச் சென்றோர் இங்கே இறங்கி, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மலையேறினர்.

அவ்வாறு ஏறியவர்களுள் ஒரு சாராரின் பெயர்களை இன்றும் எளிதில் அறிந்துகொள்ளலாம். பேர்கசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கை விவரத் திரட்டுகளில் தோட்டந்தோறும் உடைமையாளர் யார், துரை யார், பயிரிட்ட நிலம் எத்தனை ஏக்கர் என்பன அச்சாகியுள்ளன. இறந்துபோன ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களையும் பென்றி லூயிஸ் என்னும் அரசாங்க அதிகாரி திரட்டி 1913 இல் நூலாக வெளியிட்டார். மற்றச் சாராரோ, அந்தத் தோட்டங்களில் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளர். அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர் என்பதை அறிக்கைகள் கூறும்; இன்னார் வந்தனர் என்பதைக் கூறமாட்டா. இன்று நாவலப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் ஒருவர், தம் பாட்டனுக்குப் பாட்டன் யார், எவ்வூரிலிருந்து வந்தார் என்று தேடப் புகுந்தால் முதலில் எதிர்ப்படும் இடர் இதுவே.

இவ்விடர் எங்கிருந்து தோன்றியது என்பதை அறிய, அம்மக்கள் வந்த முறையை நோக்க வேண்டும். நாவலப்பிட்டிக்கு அண்மையிலுள்ள கம்பளையின் சிங்ஹாபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் 1824 ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்டம் அமைத்தார். அதன்பின் மலைநாடெங்கும் கோப்பி பரவியது. அதற்கு வேண்டிய கைகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தன. கடலைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், சுமார் 150 மைல் காட்டு வழி நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர் பலர்.

வந்தவர்களை அழைத்துவந்தவர் கங்காணி. தோட்டத்திலிருந்து முன்பணம் பெற்று, தம் ஊரிலும் அயலூர்களிலும் உறவினரையும் அறிந்தவரையும் திரட்டி வந்தவர் அவர். மொரிசியசுக்கும், நேட்டாலுக்கும், பிஜித் தீவுக்கும் சென்ற தமிழரின் நிலை வேறு. அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினர்; ஒவ்வொருவருக்கும் ஓர் அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது. அதில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் என்பன இடம்பெற்றன. மொரிசியசில் மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படும் குடியேற்றப் பதிவேடுகளைக் கொண்டு, ஐந்தாம் தலைமுறைப் பேரன் தன் முன்னோன் புறப்பட்ட கிராமத்தைக் கண்டறிய முடிகிறது. கங்காணியின் பின்னால் நடந்து வந்தவனுக்கு அத்தகைய சீட்டு எழுதப்படவில்லை. ஒப்பந்த அடிமைத்தனத்திலிருந்து தப்பியவனாக அவனைச் சிலர் கருதினர். ஆனால் அவனுடைய வழித்தோன்றலுக்கு எழுத்துச் சான்று இல்லாமற் போனமைக்கும் அம்முறையே காரணமாயிற்று.

இத்தகைய தேட்டம் உலகில் வேறு தொழிலாளரிடையேயும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பஞ்சாலைகளைச் சுற்றி ஆலைக் கிராமங்கள் எழுந்தன. வீடும் கடையும் ஆலைக்கே உரியவை. குடும்பம் முழுவதும் ஆலையில் உழைத்தது. நம் லயங்களை நினைவூட்டும் வாழ்க்கை அது. ஆயினும் அந்நாட்டுக் குடிசனக் கணக்கெடுப்பு 1850 முதல் அடிமைகள் அல்லாதார் ஒவ்வொருவரையும் பெயர் கூறி எழுதியது. 1880 இல் குடும்பத் தலைவருக்கு அவரவர் என்ன உறவு என்பதையும் எழுதியது. 1890 ஆம் ஆண்டு ஏடுகள் தீ விபத்தின் பின் அழிந்துபோனமை அங்கு வரலாறு தேடுவோர் இன்றும் வருந்தும் இழப்பாகும். இலங்கையில் 1871 இல் தொடங்கிய கணக்கெடுப்பின் அறிக்கைகளில் தோட்டத் தொழிலாளர் தொகையாக மட்டுமே தோன்றுகின்றனர்.

அவ்வாறாயின் தொழிலாளரின் பெயரை எவருமே எழுதவில்லையா? எழுதினர், கடனுக்காகவும் சம்பளத்துக்காகவும் எழுதினர். தோட்டத்துச் செக்றோலில் ஒவ்வொரு கங்காணியின் கீழும் அவருடைய ஆட்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஆகவே முன்னோனைத் தேடுபவர் முதலில் அவனுடைய கங்காணியின் பெயரை அறிதல் வேண்டும். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொரு தோட்டம் செல்லக் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். இன்ன தொகையைத் தந்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் கடன் சீட்டு அது. 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளி பட்ட கடனின் கணக்கே, அவன் இங்கு வாழ்ந்தான் என்பதற்குச் சாட்சியாயிற்று.

இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும. இராமசாமி, முத்துசாமி, கருப்பையா, மீனாட்சி என்னும் பெயர்கள் ஒரே தோட்டத்திற் பலருக்கு இருந்தன. ஆங்கிலத்தில் எழுதியோர் ஒருவரையே ஓரிடத்தில் இராமன் என்றும், வேறிடத்தில் இராமையா என்றும் எழுதினர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. இவ்வழக்கத்தால் தலைமுறைகளைக் கோத்தறிய நூலொன்று கிடைக்கிறது; அதே வேளையில் பாட்டனையும் பேரனையும் ஒருவரெனக் கருதும் பிழையும் நேர்கிறது.

கோப்பி நிலைத்திருந்த காலத்தில் தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பினர். 1869 இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, 1880 களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. மலைநாட்டிலேயே பிறந்த தலைமுறைகள் பெருகியது இக்காலத்திலிருந்தே. இந்நாட்டில் 1867 முதல் பிறப்பு இறப்புப் பதிவு நடைமுறையில் இருந்தும், லயத்துக் காம்பராவிற் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அப்பதிவில் ஏறவில்லை.

இந்தக் குறையின் முழுப் பாரமும் சுதந்திரத்தின்பின் வெளிப்பட்டது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதி, இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அதற்கு வாக்களித்த தோட்ட மக்களை நோக்கி, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வினாவை எழுப்பியது. இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இங்கு பிறந்தவர் என்றேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றேனும் காட்டினாலன்றி வம்சாவழிப் பிரஜையாகக் கொள்ளப்படார். வெளியே பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் கடுமையானது. தந்தையின் பிறப்பிடம் மட்டும் போதாது, பாட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம்மவர் வழக்கு. தாய்வீடு தமிழ்நாட்டுக் கிராமமாயின், அங்கு பிறந்த பிள்ளை அந்நிபந்தனைக்குள் அகப்பட்டது. தாய்வழிப் பாட்டி இம்மலையிற் பிறந்து இம்மலையிலேயே கொழுந்து பறித்து மாண்டவளாயினும், சட்டத்தின் கண்ணில் அவள் கணக்கில் வரவில்லை.

அடுத்து வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் நீண்டகால வதிவுக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக அனுப்பப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. சட்டத்தை எதிர்த்துக் கொடக்கன்பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று 1953 இல் தோல்வியுற்றது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அது வகுத்தது. தாம் ஒருபோதும் காணாத பாட்டனின் ஊரை நோக்கிக் குடும்பங்கள் பல புகையிரதம் ஏறின. அண்ணன் இந்தியப் பிரஜையாகவும் தம்பி இலங்கைப் பிரஜையாகவும் பிரிந்த வீடுகளும் உண்டு.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இவ்வினாவை வேறு வகையாகத் தீர்த்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரஜாவுரிமை அளித்தது. பாட்டன் பிறந்த இடத்தைக் காட்ட வேண்டிய கட்டாயம் அகன்றது. 2023 இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து சென்றனர். பழைய காட்டு வழியைத் தம் விருப்பால் நடந்த தலைமுறை இது. எனவே இன்று முன்னோரைத் தேடுதல், எவருக்கும் அஞ்சாது, தம் குடும்பத்தைத் தாமே அறிவதற்காகச் செய்யும் முயற்சியாகும்.

அம்முயற்சிக்கு வழிகள் உள. முதலில் வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். பாட்டனின் பெயர், கங்காணியின் பெயர், முன்னிருந்த தோட்டங்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருந்ததை மறத்தலாகாது. அடுத்துக் குலதெய்வம் எது என்று கேட்க வேண்டும். புறப்பட்ட சீமையை அறிய அது பெருந்துணை செய்யும். கொங்கு நாட்டுக் கதையாகிய பொன்னர் சங்கர் ஆடப்படும் தோட்டத்தில் அந்நாட்டு மக்கள் சிலராவது வந்து சேர்ந்திருத்தல் கூடும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் உதவும். தோட்டத் தமிழரிடையே பணிபுரிய 1854 இல் தொடங்கிய அங்கிலிக்கன் சபையின் மிஷன் கண்டியை நடுவாகக் கொண்டதே. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பாடசாலைச் சேர்வு இடாப்புகள், பழைய செக்றோல்கள் என்பவற்றோடு ஒப்பிட்டுக் கேட்டறிந்ததைச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டுப் பெட்டியில் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியொன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அது நிராகரிக்கப்பட்டதாயினும் கிழித்தெறியத் தக்கதன்று. மனைவி மக்கள் பெயர், வதிந்த தோட்டங்கள், வதிந்த ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு குடும்பம் தன் வாயால் எடுத்துரைத்த முதல் ஏடு பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அதனோடு தாய்வழிப் பாட்டியின் பெயரையும் இன்று சேர்த்து எழுதிவைத்தல் நன்று. சட்டம் கேளாது விட்ட அப்பெயரைச் சொல்லக்கூடியவர் இன்னும் சில லயங்களில் உயிரோடு இருக்கின்றனர்.