பொன்மலைச் சந்தையும் எங்க தாத்தா கணக்கு நோட்டும்

பொங்கல் லீவுக்கு வந்த தங்கச்சி மகன், "மாமா, ஒருநாள் பூரா ஸ்டேஷன் ஸ்டேஷனா பாத்துட்டு வருவோமா?"ன்னான். ரயில்னா அவனுக்கு உசுரு. எஞ்சின் நம்பரை எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கான். சம்பா அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. சரி வாடா மாப்ளன்னு லால்குடியில பாசஞ்சர் ஏறிட்டோம்.

வாளாடி தாண்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்துல இறங்கினோம். பிளாட்பாரத்துல டீ குடிச்சுக்கிட்டே அவனுக்குப் பழைய கதையைச் சொன்னேன்.

நம்ம பக்கம் ரயில் வந்தது வடக்கேருந்து இல்லை, கிழக்கேருந்து. நாகப்பட்டினம் துறைமுகத்துலேருந்து தஞ்சாவூர் வழியா 1862ல திருச்சிக்கு வந்துச்சு. முதல்ல அகலப் பாதையாத்தான் போட்டாங்க. 1875ல அதையே மீட்டர் பாதையா குறுக்கினாங்க. நம்ம காலத்துல மறுபடியும் அகலமாக்கினாங்க. ஒரே வரப்பை மூணு தரம் வெட்டுன மாதிரிதான்.

மெட்ராஸ்லேருந்து வர்றவங்க அப்பல்லாம் சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு சுத்தித்தான் வரணும். ரங்கநாதரைப் பாக்க வந்த ஜனம் திருச்சியில இறங்கி, காவிரியைத் தாண்டிப் போகும். விருத்தாசலம், அரியலூர் வழியா குறுக்குப் பாதை வந்தது 1920களோட கடைசியிலதான். அதுல 60 கிலோமீட்டருக்கு மேல மிச்சம். ஸ்ரீரங்கத்துக்கும் லால்குடிக்கும் மெட்ராஸ் கிட்ட வந்தது அப்பத்தான்.

அதே சமயத்துலதான் ரயில்வே பட்டறையும் நாகப்பட்டினத்தை விட்டுப் பொன்மலைக்கு வந்துச்சு. 1928ல இங்க வேலை ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ஊர் பொழப்பு போய் இன்னொரு ஊர் பொழப்பாச்சு. நாகப்பட்டினத்துக்காரங்க எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாக்குறேன்.

அடுத்த வண்டி ஏறி, காவிரியைத் தாண்டி, டவுன் ஸ்டேஷனையும் தாண்டிப் பொன்மலையில இறங்கினோம். "ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே இங்கதான் மாமா செஞ்சாங்க"ன்னு அவன் குதிச்சான். எனக்கு ஞாபகம் வந்தது எங்க தாத்தா.

ஞாயித்துக்கிழமை ஆனா தாத்தா இலைக்கட்டும் வாழைப்பூவும் எடுத்துக்கிட்டு பொன்மலைச் சந்தைக்கு வந்துடுவார். பட்டறைத் தொழிலாளிங்க வீட்டுப் பொம்பளைங்கதான் அவருக்கு வாடிக்கை. 1946ல ஆட்குறைப்பை எதிர்த்து அந்தத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சம்பளம் கிடையாது. தாத்தா ஒரு நோட்டுப் போட்டு எல்லாருக்கும் கடன் குடுத்தார். செப்டம்பர் 5ஆம் தேதி போலீஸ் சுட்டதுல அஞ்சு பேர் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் தாத்தா சந்தைக்கே போகலையாம். மூணாவது வாரம் வெறுங்கையோட போய், கடன் கேக்காம, துக்கம் விசாரிச்சுட்டு வந்தாராம்.

"அந்தக் கடன் வந்துச்சா மாமா?"ன்னான்.

"தை மாசத்துக்குள்ள ஒத்தைப் பைசா பாக்கி இல்லாம வந்துடுச்சுடா. ஒருத்தரும் ஏமாத்தலை"ன்னேன். தாத்தா சாகுற வரைக்கும் அந்த நோட்டைத் தூக்கிப் போடலை. கரையான் அரிச்சது போக மிச்சம் இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு.

சங்கத்திடல்ல தியாகிகள் ஸ்தூபி முன்னாடி ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்னோம். அது வரைக்கும் எஞ்சின் நம்பர் மட்டுமே எழுதியிருந்த நோட்டுல மாப்ள அந்தத் தேதியையும் குறிச்சுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாமா, பரணுக்கு ஏணி எங்க?"